கொடுத்தவர் யார்?

 

சிறாரையும் மதுவையும் குறித்து நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அதை மீறினோர்க்கு என்ன தண்டனை விதிக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டவுடன், குடித்துக் கெடுகிற பிள்ளைகளை எப்படித் தண்டிப்பது என்பதைப் பற்றித்தான் இவர் பேசப்போகிறார் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடச் சீருடையோடு, கண் சிவந்து, கால் தள்ளாடி வீதியில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைக் கண்ட மாத்திரத்தில் நாம் என்ன கேட்கிறோம்? 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்கிறோம். 'இந்த வயதிலேயே இப்படியா?' என்கிறோம். 'நாலு சாத்துச் சாத்தி ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டால்தான் புத்தி வரும்' என்கிறோம். சட்டமோ, நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்கிறது. இவனுக்குக் கொடுத்தவர் யார்?

அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். குடித்தவன் யார் என்பதைவிடக் கொடுத்தவர் யார் என்பதே சட்டத்துக்கு முக்கியம்; நமக்கும் அதுவே முக்கியமாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தின் வாசகத்தைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத எந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும், தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவு இன்றி, மதுவையோ புகையிலையையோ போதைப் பொருளையோ கொடுப்பவர், அல்லது கொடுக்கும்படி செய்பவர் எவராயினும், அவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று கூறுகிறது. 7 ஆண்டு! அதுவும் கடுங்காவல்! 'எவராயினும்' என்ற சொல்லை மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். கடைக்காரர் என்று சட்டம் சொல்லவில்லை. பார் நடத்துபவர் என்றும் சொல்லவில்லை. எவராயினும் என்றே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் அண்ணனும் அடக்கம், மாமனும் அடக்கம், நண்பனின் தகப்பனாரும் அடக்கம், பெற்ற தகப்பனும் அடக்கம்.

இந்தப் பிரிவு இன்றைய உருவத்தை ஒரே நாளில் அடைந்துவிடவில்லை. இதற்கு முன்பு அமலில் இருந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் இதே குற்றத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் தண்டனை 3 ஆண்டு வரைதான். அதைவிடக் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. பொது இடத்தில் வைத்துச் சிறாருக்கு மது கொடுப்பதே அன்று குற்றமாக இருந்தது. வீட்டுக்குள் கொடுத்தால்? திண்ணையைத் தாண்டி, நடையைத் தாண்டி, கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தால்? அந்தப் பிரிவு வாசலோடு நின்றுவிட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் 'பொது இடத்தில்' என்ற அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. எடுத்த மாத்திரத்தில் சட்டம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. இவ்வளவு பெரிய மாறுதல் நம் இல்லங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ரேஷன் அட்டையைப் பற்றிய சிறு அறிவிப்பும் மறுநாளே வீடு வீடாகப் பரவுகிற இந்த நாட்டில், குடும்பத் தலைவனைக் கடுங்காவலுக்கு அனுப்பக்கூடிய ஒரு மாறுதலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பையும் வருத்தத்தையும் ஒருசேரத் தருகிறது.

இன்னொரு மாறுதலையும் சொல்லவேண்டும். பழைய சட்டத்தில் மருத்துவரின் உத்தரவோடு, 'நோயுற்ற காலத்தில்' என்ற ஒரு விலக்கும் இருந்தது. நம் ஊர்களில் கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால், மார்பில் கபம் கட்டினால், பிராந்தியை இரண்டு சொட்டு வெந்நீரில் கலந்து புகட்டுகிற வழக்கம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்ததை இங்கிருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். பாட்டிமார் அன்போடு செய்ததுதான். பிள்ளையின் பிராணனைக் காப்பாற்றுவதாக எண்ணிச் செய்ததுதான். ஆனால் பச்சிளங்குழந்தையின் ஈரல் மதுவை மெதுவாகவே கழிக்கும்; அதன் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துபோகவும் கூடும். புதிய சட்டம் அந்த விலக்கை நீக்கிற்று. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி ஒரு சொட்டும் ஆகாது என்பதே இன்றைய நிலை.

சரி, வீட்டுக்குள் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, மண்டபத்தின் பின்புறம், ஜெனரேட்டர் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில், மாமன் மச்சான்மார் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். தண்ணீர்ப் பாட்டில் எடுத்து வரவும், வறுவல் வாங்கி வரவும் ஒரு பொடியன் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பான். 'எத்தனை நாளைக்கடா குழந்தையாகவே இருப்பாய்? இந்தா, ஒரு வாய்!' என்பார் ஒருவர். 'ஆம்பளைப் பிள்ளை, பழகிக்கொள்ளட்டும்' என்பார் இன்னொருவர். எல்லோரும் சிரிப்பார்கள். பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவான், மறுபடியும் சிரிப்பார்கள். கிடா வெட்டுகிற இடத்தில் இது நடக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தில் ஜெயித்த குழுவுக்கு ஊர்ப் பெரிய மனிதர் வைக்கிற விருந்தில் நடக்கிறது. ஏன், சாவு வீட்டில் பறையடிக்கும் இடத்திலும் நடக்கிறது. அந்த 'ஒரு வாய்' கொடுத்தவர் வேடிக்கையாகத்தான் கொடுத்தார். சட்டத்தின் கண்ணில் அவர் 7 ஆண்டு கடுங்காவலுக்கு உரிய குற்றம் செய்தவர். கல்யாணத்துக்கு வந்த அன்பான சித்தப்பா அவர், இருந்தும் குற்றவாளி. கொடுத்தவர் யார் என்ற கேள்வி எவ்வளவு நெருக்கமான இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!

குடிக்கக் கொடுப்பது ஒன்று. வாங்கிவர அனுப்புவது மற்றொன்று. அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு, மதுவை விற்பதற்கோ, சுமந்து செல்வதற்கோ, கொண்டுபோய்க் கொடுப்பதற்கோ, கடத்துவதற்கோ ஒரு சிறாரைப் பயன்படுத்துவோர்க்கும் அதே 7 ஆண்டு, அதே 1 லட்சம் என்று வகுத்திருக்கிறது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல் தோன்றினாலும், சட்டத்தின் சொற்களை நேராகப் படித்தால், 'ஓடிப்போய் ஒரு குவார்ட்டர் வாங்கி வா, மிச்சச் சில்லறையில் மிட்டாய் வாங்கிக்கொள்' என்று பிள்ளையை அனுப்பும் தகப்பனும் அதற்குள் வந்துவிடுகிறான். அந்தப் பிள்ளை ஒரு துளியும் குடிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கடையின் வாடை அவனுக்குப் பழக்கமாகிறது. அங்கு நிற்பவர்கள் பழக்கமாகிறார்கள். எந்தச் சரக்கு என்ன விலை என்பது வாய்ப்பாடுபோல் மனத்தில் பதிந்துவிடுகிறது. கூச்சம் போய்விடுகிறது. கூச்சம் போனபின் மிச்சம் என்ன இருக்கிறது?

இங்கிலாந்து தேசத்தார் இதே துன்பத்தை நமக்கு முன்பே பட்டவர்கள். அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களில், மாலையானால் ஒரு கூஜாவைப் பிள்ளையிடம் கொடுத்து, மூலையிலுள்ள மதுக்கடைக்கு அனுப்பிப் பீர் வாங்கிவரச் சொல்வது வெகுகால வழக்கம். கடைக்காரன் கூஜா நிறைய ஊற்றுவான். பிள்ளை வருகிற வழியில் ஓரிரு வாய் குடித்துக்கொண்டே வரும். அதைத் தடுக்க 1901ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம், அடைத்து முத்திரையிட்ட பாத்திரத்தில் அன்றி மதுவைக் கொடுக்கலாகாது என்பதே அதன் சாரம். சபையோரே, இதில் எவ்வளவு தயக்கம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையை அனுப்பவே அனுப்பாதே என்று தகப்பனுக்குச் சொல்லச் சட்டம் அஞ்சுகிறது. மூடியை இறுக்கியிருக்க வேண்டும் என்று சொல்வதோடு நின்றுகொள்கிறது. 1908இல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பது குற்றம் என்றும், பதினான்கு வயதுக்குட்பட்டோரை மதுக்கடையின் குடிகூடத்துள் விடலாகாது என்றும் விதித்தார்கள். பிறகு 1923இல், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் முதன்முதலாக அமர்ந்த பெண்மணியான ஆஸ்டர் சீமாட்டியார், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மதுக்கடையில் குடிக்க விற்கலாகாது என்ற மசோதாவைத் தாமே கொண்டுவந்து நிறைவேற்றினார். ஒரு பெண் உறுப்பினர் தனிப்பட்ட முறையில் கொண்டுவந்து அந்தச் சபையில் சட்டமான முதல் மசோதா அதுவே. பெண் ஒருத்தி சட்டசபைக்குள் நுழைந்ததும் முதலில் கை வைத்த இடம் பிள்ளைகளின் குடியைத் தடுக்கும் இடமாக இருந்தது என்பதை இங்கிருக்கும் தாய்மார்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் தமிழகத்துக்கு வருவோம். சிறாருக்கென்று தனியாக ஒரு சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் இயற்றியது நம் சென்னை மாகாணம், அது 1920இல். மதுவிலக்கை முதன்முதலில் ஒரு ஜில்லாவில் அமலாக்கிக் காட்டியதும் நம் மாகாணமே. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கிற்று. அதனால் இழந்த வருமானத்தை ஈடுசெய்ய விற்பனை வரி என்ற புது ஏற்பாட்டையும் அவரே கொண்டுவந்தார். 1948இல், ஓமந்தூரார் முதன்மந்திரியாக இருந்தபோது, மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு பரவியது. அந்தக் காலத்தில் மது அருந்தச் சட்டபூர்வமான வயது எது என்ற கேள்வி சாமானிய ஜனங்களிடையே எழவே இல்லை. தகப்பனுக்கே கிடையாது என்னும்போது பிள்ளைக்கு எத்தனை வயதில் என்று யார் கேட்பார்கள்? 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் விலகிற்று. 1983இல் மொத்த வியாபாரத்துக்கென அரசாங்கமே டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்தது. 2003ஆம் ஆண்டு இறுதியில் சில்லறை வியாபாரத்தையும் அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள்தாம், இருபத்தொரு வயது நிரம்பாத எவருக்கும் மது விற்கலாகாது என்று கூறுகின்றன. மதுவிலக்கு என்ற பெரிய மதில் இடிந்தபின் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியது வயது வரம்பு என்ற இந்த முள்வேலி ஒன்றே. ஆகையால்தான் இதில் ஒரு முள்ளும் உதிரக்கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன்.

இங்கே ஒன்றை நிதானமாக ஆலோசிக்க வேண்டும். பிற மாநிலங்கள் பலவற்றில் தனியார் வியாபாரி விற்கிறார். விதியை மீறினால் அரசாங்கம் அவரது லைசென்ஸை ரத்து செய்கிறது. நம்மிடத்திலோ விதியைச் செய்ததும் அரசாங்கம், கடையை நடத்துவதும் அரசாங்கம், மீறலைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அரசாங்கம். பதினாறு வயதுப் பையன் கம்பி வலைக்குள் பணத்தை நீட்டி ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போவானாயின், கொடுத்தவர் யார்? கவுன்ட்டரில் நின்ற விற்பனையாளர் என்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. தொகுப்பூதியத்துக்கு வேலை செய்கிற அந்த மனிதர், பகல் பன்னிரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை, முண்டியடிக்கிற கூட்டத்தின் நடுவில், நீட்டப்படுகிற கைகளை மட்டுமே பார்க்கிறார். முகங்களைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. முகம் பார்த்து, ஐயம் வந்தால் வயதுக்கு அத்தாட்சி கேட்டு, இல்லையென்று திருப்பியனுப்புகிற அதிகாரத்தையும், அவகாசத்தையும், அவ்வாறு திருப்பியனுப்பியபின் அடிபடாமல் வீடு திரும்பும் பாதுகாப்பையும் அவருக்குத் தரவேண்டியது அரசாங்கத்தின் கடமை. இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பனை இல்லை என்று கடைச் சுவரில் எழுதிவைத்த எழுத்து அந்தக் கடமையை நிறைவேற்றிவிடாது. நம் அரசியல் சட்டத்தின் 47ஆம் ஷரத்து, மருந்துக்காக அன்றி மது அருந்துவதை விலக்க அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. முழுவதும் விலக்க முடியாத நிலை என்றே ஒப்புக்கொண்டாலும், பிள்ளைகளிடமிருந்தாவது விலக்கி வைக்கக் கூடாதா?

கடை எங்கே இருக்கிறது என்பதும் பிள்ளைகளைப் பற்றிய கேள்விதான். நகரங்களில் பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. 50 மீட்டர் என்பது எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடத்து மணியோசை கேட்கிற தூரம். கடைவாசலில் நடக்கிற சண்டையின் ஒவ்வொரு சொல்லும் வகுப்பறைக்குள் விழுகிற தூரம். சேலம் ஜில்லாவைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள் அவர்கள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடி, 2015 ஜூலை 31ஆம் தேதி உயிர் நீத்தார். தம் ஊரிலிருந்து எங்கோ தெற்கு மூலையில் இருக்கிற ஓர் ஊரின் பிள்ளைகளுக்காக ஒரு முதியவர் தம் உயிரையே பணயம் வைத்தார். அவரது போராட்ட முறையை நான் இங்கே எடைபோட வரவில்லை. அந்தத் தூரத்தை அளந்து பார்த்து மனம் வெந்தவர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார் என்பதை மறக்கலாகாது என்று மட்டும் சொல்வேன்.

வயது வரம்பைப் பற்றி ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. இந்தச் சபையிலுள்ள இளைஞர்களே அதை எழுப்பக்கூடும். பதினெட்டு வயதில் வாக்களிக்கலாம். 1989இலிருந்து அந்த உரிமை இருக்கிறது. பதினெட்டில் சொத்தை விற்கலாம், வழக்காடலாம். மந்திரிசபையைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவனுக்கு ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லையா? நியாயமாகத் தோன்றுகிற கேள்விதான். ஆனால் வாக்களிப்பதற்குத் தேவையான விவேகம் வேறு. உடலின் வளர்ச்சி வேறு. முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் இருப்பிடமாகிய மூளையின் முன்பகுதி, இருபதுகளின் நடுப்பருவம் வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. இளம் வயதில் குடிக்கத் தொடங்கியவர்களே பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் அபாயம் அதிகம் உடையவர்கள் என்பதும் பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட உண்மை. ஆதலின் அந்த மூன்று ஆண்டுக் காத்திருப்பை அவமதிப்பாகக் கருதாதீர்கள் என்று இளைஞர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வரம்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை. மது என்பது நம் அரசியல் சட்டத்தின்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமாதலால், தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 2017 முதல் 23, தில்லியில் 25, புதுச்சேரியில் 18 என்று ஆளுக்கொரு கணக்கு. கடலூரில் பாட்டில் வாங்க முடியாத பத்தொன்பது வயதுப் பையன், மோட்டார் சைக்கிளில் ஏறிச் சிறிது தூரம் போய் எல்லையைத் தாண்டினால், சட்டப்படியே வாங்கிவிடலாம். குடித்துவிட்டு அதே வண்டியில் அதே சாலையில் அவன் திரும்பி வரவேண்டும் அல்லவா? அமெரிக்க தேசத்தில் இதுவேதான் நடந்தது. 1971இல் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டபின், பல ராஜ்யங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன, சில குறைக்கவில்லை. வயது குறைந்த ராஜ்யத்துக்கு வண்டி ஓட்டிச் சென்று, குடித்து, இரவில் திரும்புகிற வழியில் மாண்ட இளைஞர்கள் ஏராளம். கடைசியில் 1984இல் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் செய்து, இருபத்தொரு வயது என்று விதிக்காத ராஜ்யங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்போம் என்றது. தெற்கு டகோட்டா ராஜ்யம் அதை எதிர்த்து வழக்காடித் தோற்றது. 1988க்குள் எல்லா ராஜ்யங்களும் இணங்கின. தமிழ்நாடும் புதுச்சேரியும் பேசும் மொழி ஒன்று, கொண்டாடும் பண்டிகை ஒன்று; பிள்ளைகளைக் காக்கும் வயதை மட்டும் ஏன் இரண்டாக வைத்திருக்க வேண்டும்? இரு அரசாங்கங்களும் கூடிப் பேசினால் தீரக்கூடிய விஷயம் இது.

வண்டியைப் பற்றிய பேச்சு வந்ததால், 2024 மே மாதம் புனே நகரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன், இரவில் மதுக்கூடங்களில் இருந்துவிட்டு, விலையுயர்ந்த காரை ஓட்டிச் சென்று, மோட்டார் சைக்கிளில் போன இளம் பொறியாளர் இருவரை மோதிக் கொன்றான் என்பது வழக்கு. அவனை ஜாமீனில் விடுகையில், சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது என்ற செய்தி வெளியானபோது, தேசமே கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பு நியாயமானதே. இறந்த இருவரும் பெற்றோரின் கனவுகள். ஆனால் அந்தக் கட்டுரையைப் பற்றி உரக்கப் பேசிய நாம், அதே வழக்கில் நடந்த மற்றொன்றைப் பற்றி மெதுவாகவே பேசினோம். மகாராஷ்டிரத்தில் உயர்ரக மது அருந்த இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அவ்வாறிருந்தும் அவனுக்குப் பரிமாறியதாகக் கூறி மதுக்கூடத்தார் கைது செய்யப்பட்டார்கள். பையனின் தகப்பனார்மீது, நான் முன்பு சொன்ன அந்த 77ஆம் பிரிவின்கீழும், சிறாரிடம் கொடுமையாகவோ அலட்சியமாகவோ நடப்பதைப் பற்றிய 75ஆம் பிரிவின்கீழும் வழக்குப் பதிவாயிற்று. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், சிறார் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் அவர்தம் காப்பாளரோ வண்டியின் உடைமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது. அவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியைக் கொடுத்தவர் யார், கோப்பையைக் கொடுத்தவர் யார் என்று சட்டம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் குடித்த பிள்ளையை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதா? இல்லை. அவன் செய்தது எந்தச் சட்டத்தின்படியாவது குற்றமாயின், அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்பு நிறுத்தப்படுகிறான். எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனை பெறச் செய்யலாம். சமூக சேவையில் ஈடுபடுத்தலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம். சிறைச்சாலைக்கு மட்டும் அனுப்பலாகாது. அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் மதுவைக் கையில் வைத்திருந்த குற்றத்துக்கே இளைஞருக்கு அபராதம் உண்டு, லைசென்ஸ் பறிப்பு உண்டு. அதனால் விளைந்த விபரீதம் ஒன்றைக் கேளுங்கள். அளவுக்கு மீறிக் குடித்து மூச்சுத் திணறிக் கிடக்கும் தோழனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தாங்களும் அகப்பட்டுக்கொள்வோம் என்று பிள்ளைகள் அஞ்சிப் பதுங்கினார்கள். ஆகவே, உதவிக்கு அழைக்கும் சிறாருக்குத் தண்டனை இல்லை என்று பல ராஜ்யங்கள் பின்னர் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது. பயம் பிள்ளையைக் குடியிலிருந்து தடுத்ததோ இல்லையோ, வைத்தியரிடமிருந்து தடுத்தது நிச்சயம். பிள்ளைமீது ஓங்கிய கை குற்றத்தைத் திருத்தும் என்று நம்புகிறவர்கள் இந்த அனுபவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, சட்டத்தின்மீது எனக்குள்ள ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 7 ஆண்டுத் தண்டனை என்று பெரிதாக எழுதிய பாராளுமன்றமே, 2021இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய இத்தகைய குற்றங்களை, நீதிமன்றத்தின் உத்தரவு இன்றிப் போலீசார் தாமாகப் புலன் விசாரணை தொடங்கவோ, பிடியாணை இல்லாமல் கைது செய்யவோ இயலாத குற்றங்களாக்கிவிட்டது. சிறுவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற மதுக்கூடத்தைக் கண்ணெதிரே கண்டும் ஒரு காவலர் காகிதத்துக்காகக் காத்து நிற்பதா? தண்டனையின் அளவைக் கூட்டிவிட்டுப் பிடிக்கிற கையைக் கட்டிப்போடுவது நியாயமாகாது. சிறாருக்கு மது கொடுப்பதையும், மது வியாபாரத்தில் சிறாரைப் பயன்படுத்துவதையும், போலீசார் உடனே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றங்களாக மறுபடியும் ஆக்க வேண்டும். இதை உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் நீங்கள் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிற நாளில் மறக்காமல் கேளுங்கள்.

அன்பர்களே, சட்டம் காத்திருக்கும் நேரத்தில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தகப்பன்மாரே, உங்கள் பிள்ளையை அந்தக் கடை வாசலுக்கு அனுப்பாதீர்கள்; ஒரு நாளும் அனுப்பாதீர்கள். கல்யாண வீட்டில் யாரேனும் ஒரு பொடியனிடம் தம்ளரை நீட்டினால், உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சிறாருக்கு விற்கிற கடையையோ, அவர்களைக் கொண்டு விற்பிக்கிற மனிதரையோ கண்டால், இரவும் பகலும் இயங்குகிற 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள், கட்டணம் இல்லை. ஆசிரியர்களே, குடித்து வந்த மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்குவதற்கு முன்பு அவனை அருகில் உட்காரவைத்து, எங்கே கிடைத்தது, யார் தந்தார்கள் என்று அன்போடு விசாரியுங்கள். அவன் சொல்லும் விடையைத் தலைமையாசிரியரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அருகில் மதுக்கடை இருக்கிற ஊரார் எவராயினும், வருகிற அக்டோபர் 2ஆம் தேதி கூடுகிற கிராம சபையில் எழுந்து நின்று, அந்தக் கடையை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்; தாய்மார்கள் முன்வரிசையில் அமர்ந்து அதை நிறைவேற்றித் தாருங்கள்.